அக்லோலி மௌசிக்கு, காட்கோபரிலிருந்து

அன்புள்ள மௌசி,

உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்ளாமலே பஸ் ஏறிவிட்டேன். இரண்டு நாள் உங்கள் வீட்டுப் பாக்ரியைத் தின்றோம், உங்கள் பாயில் படுத்தோம், சித்தியைக் கூப்பிடுகிற மாதிரி ‘மௌசி, மௌசி’ என்றே கூப்பிட்டோம். பெயர் தெரியாதவருக்குத் தபால் எழுத முடியாது. உங்களுக்குத் தமிழ் படிக்கவும் வராது. அதனால் எல்லாரும் படிக்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன். தாராவியிலிருந்தோ முலுண்டிலிருந்தோ வஜ்ரேஸ்வரிக்குக் கும்பிட வருகிற தமிழர் யாராவது, அக்லோலி வெந்நீர்க் குண்டத்துக்குப் பக்கத்தில் தேங்காயும் பூவும் விற்கிற உங்களைப் பார்த்து இதை வாசித்து, மராட்டியில் சொல்லட்டும்.

நாங்கள் தை மாதம், பொங்கல் முடிந்த வாரத்துச் சனிக்கிழமை வந்தவர்கள். நானும் என் அம்மாவும். பச்சைப் பருத்திச் சேலை கட்டிக்கொண்டு, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கிய பாட்டி என்றால் உங்களுக்கு நினைவு வரும்.

அம்மாவின் முழங்கால்களைப் பற்றி உங்களிடம் சொல்லவில்லை. சொல்ல எனக்கு அவ்வளவு மராட்டி வரவில்லை. அம்மா தென்காசிப் பக்கத்துக்காரி. கல்யாணமாகிக் காட்கோபர் வந்த வருஷத்திலிருந்து இட்லி அவித்தாள். ராத்திரி இரண்டரை மணிக்கு எழுந்து, ஒண்டுக் குடித்தன அறையின் தரையில் குந்தி உட்கார்ந்து கொப்பரையில் தட்டு தட்டாக அவித்து எடுப்பாள். ஐந்தரைக்கு அப்பா சைக்கிளில் கட்டி எடுத்துப் போவார். முதலில் ஆட்டுரல், பிறகு கிரைண்டர். முப்பத்து நான்கு வருஷம். அப்பா போனபிறகும் நான்கு வருஷம் பக்கத்து ஓட்டலுக்கு அவித்துக் கொடுத்தாள். நாங்கள் மூன்று பேர் படித்தது அந்தக் கொப்பரையில். இந்த ஊரில் அம்மா ‘லீவு’ என்று உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உடம்புக்கு முடியாத நாளிலும் உளுந்தை ஊறப்போட்டுவிட்டுத்தான் படுப்பாள்.

‘ரெண்டு நாள் வெந்நீர் ஊத்துல குளிச்சிட்டு வருவோம்மா’ என்று நான் சொன்னபோது, ‘வெந்நீ வீட்டுல இல்லையாட்டி?’ என்றாள். நியாயமான கேள்விதான்.

தானே வரை லோக்கல், அங்கிருந்து சிவப்பு எஸ்.டி. பஸ்ஸில் பிவண்டி, அம்பாடி நாக்கா, வஜ்ரேஸ்வரி. எழுபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். பிவண்டியின் கிடங்குகளும் லாரிகளும் தாண்டியதும் வைக்கோல் போரும் செங்கல் சூளையும் வர ஆரம்பித்தன. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ‘இது நம்ம ஊரு மாதிரியேல்லா இருக்கு’ என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வஜ்ரேஸ்வரி கோயிலுக்கு ஐம்பத்திரண்டு படி. ஏறமாட்டாள் என்று நினைத்தேன். ‘பாதியில ஆமை இருக்காம்ல, அதைத் தொட்டுக் கும்பிடணும்’ என்று பக்கத்தில் யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டாள்.

அந்தக் கோயிலைப் பற்றி வீட்டுக்கு வந்துதான் படித்தேன். வசாய்க் கோட்டையைப் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடிக்கப் புறப்பட்ட சிமாஜி அப்பா, வெற்றி கிடைத்தால் தேவிக்குக் கோயில் எழுப்புவதாக வேண்டிக்கொண்டார். 1739-இல் கோட்டை விழுந்தது, கோயில் எழுந்தது. வாசலைப் பார்த்தாலே கோட்டை வாசல் மாதிரிதான் இருக்கிறது. கோயிலுக்கு முந்தியது உங்கள் தண்ணீர். பரசுராமர் வேள்வி செய்த மண் என்றும், தேவி கொன்ற அசுரர்களின் ரத்தம்தான் கொதிக்கிறது என்றும் நீங்கள் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னது பாதிக்கு மேல் புரிந்தது. 1882-இல் வெள்ளைக்காரர்கள் அச்சிட்ட தானா மாவட்டக் கெஜட்டியரிலும் உங்கள் ஊற்றுகள் வஜ்ராபாய் என்ற பெயரில் இருக்கின்றன.

நிலவியல் படித்தவர்கள் சொல்வது வேறு கதை. எனக்கு இரண்டுமே பிடித்திருக்கிறது. கொங்கணக் கரை நெடுக, ரத்னகிரி வரை, இப்படி ஒரு வரிசையாக வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அடியில் எரிமலை எதுவும் இல்லை. ஆறரைக் கோடி வருஷத்துக்கு முன் குழம்பாக வழிந்து இறுகிய தக்காணப் பாறையில் விரிசல்கள் இருக்கின்றன. மழைத் தண்ணீர் அவற்றின் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. பூமிக்குள் போகப் போகச் சூடு கூடும். சூடேறிய தண்ணீர் இன்னொரு விரிசலைப் பிடித்து மேலே வருகிறது. உங்கள் ஊரில் அது தான்சா ஆற்றின் கரையிலும் படுகையிலுமே குமிழியிட்டு வருகிறது. எந்தக் காலத்து மழையோ, யாருடைய நிலத்தில் பெய்ததோ, அம்மாவின் காலடியில் வந்து ஆவி விட்டது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நான்கரை மணிக்கு நீங்கள்தான் கதவைத் தட்டி எழுப்பினீர்கள். ஆண்கள் கூட்டம் வருவதற்கு முன் பெண்கள் குளித்துவிட வேண்டும் என்றீர்கள். குளிர் அப்படி. மும்பையில் ஸ்வெட்டர் போட்டே பழகாத அம்மா என் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்தாள். டார்ச் வெளிச்சத்தில் குண்டத்தின் மேல் ஆவி தரையளவுக்குப் படர்ந்து நின்றது. லேசான கந்தக வாடை. அம்மா அப்படியே நின்றுவிட்டாள். ‘அடுப்பில்லாம அவியுதேட்டி’ என்றாள். முப்பத்தெட்டு வருஷமாக அந்த நேரத்தில் அவள் முகத்தில் அடித்தது கொப்பரை ஆவி. அதே நேரம், அதே இருட்டு. இந்த ஆவியைக் கிளப்ப அவள் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அப்போது அவள் கை என் கையை இறுக்கிய இறுக்கு இன்னும் என் விரலில் இருக்கிறது.

அவள் நேரே இறங்கப் போனாள். நீங்கள் தடுத்தீர்கள். ஒரு குண்டத்தில் கையை விட்டுப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டி, சூடு தாங்குகிற இன்னொன்றுக்குக் கூட்டிப் போனீர்கள். முதலில் ஓரத்தில் உட்கார வைத்தீர்கள். ‘ஹளூ ஹளூ, ஆயி.’ பாதம், பிறகு கணுக்கால், பிறகு முழங்கால். உங்கள் உள்ளங்கையால் தண்ணீரை அள்ளி அம்மாவின் முட்டியில் விட்டுக்கொண்டே இருந்தீர்கள், குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி. அம்மாவுக்கு மராட்டி தெரியாது. ஆனால் ‘ஹளூ’ என்றால் ‘மெள்ள’ என்று யாரும் சொல்லாமலே பிடித்துக்கொண்டாள். திரும்பி உங்களிடம் ‘மெள்ள மெள்ள’ என்று அவளும் சொன்னாள். நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்றால் மூட்டு சுமக்கிற பாரம் ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்று காட்கோபரில் எலும்பு டாக்டர் ஒருவர் எனக்குச் சொல்லியிருந்தார். அதைக் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். தரையில் சுவரைப் பிடிக்காமல் நிற்காதவள், தண்ணீரில் தானாக நடந்தாள். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம். பிறகு மறுபடியும். குற்றாலத்தில் சின்ன வயதில் குளித்ததைச் சொன்னாள்: ‘அது தலையில தாளம் போடும், இது முதுகத் தடவிக் குடுக்கு.’ பத்து நிமிஷம் ஆனதும் நீங்கள் ‘பஸ் ஜாலா’, போதும், என்றீர்கள். அவளுக்கு ஏற மனமில்லை. நீங்கள் விடவில்லை. அதிக நேரம் இருந்தால் தலை சுற்றும், வயசானவர்களுக்கு ஆகாது என்று, கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, வெல்லம் போட்ட டீ கொடுத்து உட்கார வைத்தீர்கள். பெரிய பெரிய குளியல் விடுதிகளில் இதற்கென்று படித்த ஆட்கள் இருப்பார்கள். ஐரோப்பாவின் பதினொரு வெந்நீர் நகரங்களை 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் இங்கிலாந்து ஊர் ஒன்றுக்குப் பெயரே ‘குளியல்’ என்று பொருள்படும் பாத். அங்கெல்லாம் போகிறவர்கள் போகட்டும். என் அம்மாவுக்கு வாய்த்தது உங்கள் உள்ளங்கை.

குளியல் முடிந்ததும் நீங்கள் செய்ததையும் நான் கவனித்தேன். மூங்கில் கழியின் நுனியில் வலையைக் கட்டி, தண்ணீரில் மிதந்த ஷாம்பு பாக்கெட், சோப்புக் காகிதம், ஊறிப்போன மாலை எல்லாவற்றையும் வழித்து எடுத்தீர்கள். யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். ஆற்றைக் காட்டினீர்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பாக்கெட்டுகள் எங்களைப் போல மும்பையிலிருந்து வருகிறவர்கள் போட்டவை. இதை வாசிக்கிற நம் ஆட்கள் சோப்பும் ஷாம்புவும் குண்டத்துக்குள் கொண்டுபோக வேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

மத்தியானம் கணேஷ்புரிக்கு நீங்கள்தான் ஆட்டோ பேசி அனுப்பினீர்கள். நித்யானந்தர் சமாதி மண்டபத்தில் நுழைந்ததும் அம்மா, ‘ஏட்டி, இது நம்ம மாட்டுங்கா ஓட்டல் சாமில்லா!’ என்றாள். ஆமாம், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உடுப்பி ஓட்டல் கல்லாவுக்கு மேலே கோவணத்தோடு உட்கார்ந்திருப்பாரே, அவரேதான். கேரளத்திலும் கர்நாடகக் கரையிலும் அலைந்து இந்த வெந்நீர்க் கரைக்கு வந்து தங்கி, 1961 ஆகஸ்ட் 8 அன்று இங்கேயே சமாதியானவர். எத்தனையோ வருஷம் அந்தப் படத்துக்குக் கீழே டிபன் சாப்பிட்டிருக்கிறோம், அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று கேட்டதில்லை. பீமேஸ்வரர் கோயிலை ஒட்டிய குண்டங்களில் அம்மா கால் மட்டும் நனைத்தாள். ‘மௌசி ஒரு நாளைக்கு ஒரு முழுக்குதான்னு சொல்லியிருக்கா’ என்றாள்.

வெந்நீர் என்றால் இன்னொரு கதையும் உண்டு. திருகோணமலைப் பக்கம் கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. தாயை இழந்த ராவணன் அவளுக்கு ஈமக்கடன் கழிக்க உண்டாக்கியவை என்று ஈழத்தில் சொல்வார்கள். அம்மா உயிரோடு இருக்கும்போதே எனக்கு இந்த வெந்நீர் கிடைத்தது. அதை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் நீங்கள்.

வலி போய்விட்டது என்று எழுதமாட்டேன். போகவில்லை. ஞாயிறு ராத்திரி அம்மா எட்டரைக்குப் படுத்து விடிந்து ஆறு மணிக்கு எழுந்தாள். இரண்டரை மணிக்கு விழிப்புத் தட்டவில்லை. நான் விழித்திருந்து பார்த்தேன், அதனால் தெரியும். கிளம்பும்போது அறைக்கும் சாப்பாட்டுக்கும் பணம் வாங்கினீர்கள், குண்டத்தில் கூடவே நின்றதற்கு நான் நீட்டியதை மட்டும் மடக்கி அம்மாவின் சுருக்குப் பைக்குள்ளேயே திணித்துவிட்டீர்கள்.

கடைசியாக ஒன்று. நான் வளர்ந்தது காட்கோபர் மேற்கில், பைப்லைனுக்குப் பக்கத்தில். ஆள் உயரத்துக்கு மேல் கனத்த இரும்புக் குழாய்கள் அப்போது குடிசைகளை உரசிக்கொண்டே போயின. அதன் மேல் ஏறிப் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன், அதன் மேல் வடாம் காயப் போட்டிருக்கிறோம். காதை வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடுவது கேட்கும். அது தான்சா ஏரித் தண்ணீர். 1892-இல் ஆற்றின் மேல்புறத்தில் அணை கட்டி மும்பைக்குத் திருப்பிய தண்ணீர். உங்கள் ஆற்றில் பாதியை நாங்கள் குடித்துவிட்டோம் என்பது எனக்கு உங்கள் படித்துறையில் நிற்கும்போதுதான் உறைத்தது. அந்தத் தண்ணீரில்தான் அம்மா அத்தனை வருஷமும் உளுந்து ஊறப்போட்டாள். திரும்பி வந்த மறுநாள் குழாயில் தண்ணீர் வந்த நேரத்தில் இதைச் சொன்னேன். வாளியில் கையை விட்டுப் பார்த்தாள். ‘இங்க வரதுக்குள்ள ஆறிப்போச்சு’ என்றாள்.

மழைக்காலத்தில் ஆறு ஏறிக் குண்டங்களை மூடிவிடும், தீபாவளி கழித்து வாருங்கள் என்றீர்கள். வருகிறோம். உங்களுக்கு என்ன கொண்டுவருவது என்று கேட்டேன், ஒன்றும் வேண்டாம் என்றீர்கள். அம்மா கேட்கவில்லை. எள்ளு கூடுதலாகப் போட்டு, காரம் குறைத்து இட்லிப்பொடி திரிக்க வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாக்ரிக்குத் தொட்டுக்கொள்ளலாமாம்.

இப்படிக்கு,
பச்சைச் சேலைப் பாட்டியின் மகள்
காட்கோபர், மும்பை