மனப்புண்ணுக்கு அலகு என்ன?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்)

இயற்பியல் படிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டு விடுகிறது. எதைக் கண்டாலும், "இதன் அலகு என்ன?" என்று கேட்கத் தோன்றும். நீளத்திற்கு மீட்டர், மின்னோட்டத்திற்கு ஆம்பியர். சரி, "உமக்கு வயதாகிவிட்டது, நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம்" என்ற சொல் ஒரு மனிதனின் நெஞ்சில் உண்டாக்கும் புண்ணுக்கு அலகு என்ன?

சட்டக் கல்லூரியில் பயிலும் என் மாமன் மகனின் பாடக் குறிப்புகளைப் புரட்டியபோது, அமெரிக்க நீதிமன்றங்கள் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருப்பதை அறிந்து வியந்தேன்.

அமெரிக்காவில் 1967-இல், வேலையில் வயதுப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. 40 வயதை எட்டியவர்களுக்கு அது காவல். வயதைக் காட்டி ஒருவரை நீக்கினால், இழந்த சம்பளத்தைக் கொடுக்க வேண்டும். வேண்டுமென்றே சட்டத்தை மீறியிருந்தால் இரு மடங்காகக் கொடுக்க வேண்டும். ஆனால் மன வேதனைக்கு?

எக்ஸான் ஆராய்ச்சி நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஒரு விஞ்ஞானி, 60 வயதில் கட்டாயமாக ஓய்வு பெற வைக்கப்பட்டார். வழக்கு முடியுமுன்பே அவர் காலமானார். வாரிசுகள் தொடர்ந்து நடத்தினார்கள். அவர் பட்ட வேதனைக்காக மட்டும் ஜூரிகள் 7,50,000 டாலர் வழங்கினார்கள். "இது மிகை" என்று கருதிய நீதிபதி, அதை 2,00,000 டாலராகக் குறைத்தார். 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தொகையையும் அடியோடு நீக்கிவிட்டது. வேதனைக்கு ஈடு தர இச்சட்டத்தில் இடமில்லை. வரையறை இல்லாத பெருந்தொகையின் ஆசை வந்துவிட்டால் இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்வது கெட்டுவிடும் என்பது அதன் கருத்து.

1995-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும், ஒரு விமானியின் வருமான வரி வழக்கில், இச்சட்டம் மன வேதனைக்கு ஈடு தருவதில்லை என்று கூறியது. இதற்கிடையே 1991-இல் வந்த இன்னொரு சட்டம், பால், சமயம், உடற்குறை ஆகியவற்றின் பெயரால் வேண்டுமென்றே பாகுபாடு காட்டப்பட்டவர்களுக்கு, நிறுவனத்தின் அளவைப் பொறுத்து 3,00,000 டாலர் வரை பெற வழி செய்தது. அதில் வயது மட்டும் சேர்க்கப்படவில்லை! கலிபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்களின் சொந்தச் சட்டங்களே மன வேதனைக்கும் ஈடு தருகின்றன.

இதைப் படித்தபோது என் தந்தையாரை நினைத்துக்கொண்டேன். ஒரு நூற்பாலையில் 27 ஆண்டுகள் உழைத்தவர் அவர். 51 வயதில், "இனி உங்களுக்கு இந்த வேகம் ஒத்துவராது, பெரியவரே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வருங்கால வைப்பு நிதி வந்தது. ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்று கணக்கிட்டுப் பணிக்கொடை வந்தது. கணக்கில் ஒரு பைசா குறையவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அந்தப் பணத்தில்தான் சேர்ந்தேன். ஆனால் ஷிப்டு மாறும் நேரத்தில் அப்பா டீக்கடைப் பக்கம் போவதை விட்டுவிட்டார். கூட வேலை பார்த்தவர்கள் எதிரில் வருவார்களே என்று சுற்று வழியில் நடப்பார். அந்தச் சுற்று வழிக்கு எந்தக் கணக்குத் தாளிலும் ஒரு வரி இல்லை.

நீதிமன்றம் சொன்ன காரணம் அற்பமானதன்று. வேதனையை அளப்பது கடினந்தான். ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். சட்டத்தில் எழுதாததை நீதிபதிகள் எப்படிக் கொடுப்பது என்ற கேள்வியும் நியாயமானதே. குறை, எழுதாமல் விட்டவர்களுடையது.

ஆயினும் நம் ஆய்வுக்கூடத்தை எண்ணிப் பாருங்கள். ஓர் அளவு துல்லியமாகக் கிடைக்காவிட்டால் என்ன செய்கிறோம்? பலமுறை அளந்து சராசரி காண்கிறோம். பிழை வரம்பைப் பக்கத்தில் குறிக்கிறோம். அளக்கக் கடினம் என்பதற்காகப் பூஜ்யம் என்று எழுதினால் நம் பேராசிரியர் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்திடுவாரா? ஏழரை லட்சத்தை இரண்டு லட்சமாக்குவது திருத்தம். பூஜ்யமாக்குவது, அப்படி ஒரு புண்ணே இல்லை என்பதற்கு ஒப்பாகும்.

அளவுகோல் செய்ய முடியாததும் அன்று. பிரிட்டனில் 2002-இல், பால் பாகுபாட்டுக்கு ஆளான ஒரு பெண் காவலரின் வழக்கில், மனப்புண்ணுக்கென்று தரப்பட்ட 50,000 பவுண்டு மிகை என்று கண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், அதை இறுதியில் 18,000 ஆக்கியது. அதோடு நில்லாமல் மூன்று படிகளையும் வகுத்தது: இலேசானதற்கு 500 முதல் 5,000 பவுண்டு, நடுத்தரமானதற்கு 15,000 வரை, கடுமையானதற்கு 25,000 வரை. விலைவாசிக்கேற்ப அப்படிகள் பின்னர் உயர்த்தப்பட்டன. 2006-இல் அங்கு வயதுப் பாகுபாட்டுக்குத் தடை வந்தபின், வயதின் பெயரால் புண்பட்டவர்களுக்கும் அந்த அளவுகோலே பயன்படுகிறது. கரடுமுரடான கோல்தான், ஆனால் பூஜ்யத்தைவிட மேலானது.

நம் நாட்டிலும் சாலை விபத்து வழக்குகளில் 'வலியும் வேதனையும்' என்ற தலைப்பில் ஒரு தொகை தரப்படுகிறது. அங்கே அளக்க முடிகிறதென்றால், வேலையிழந்து நிற்கும் முதியவரிடம் மட்டும் ஏன் கோல் முறிந்துபோக வேண்டும்? தனியார் வேலையில் வயதுப் பாகுபாட்டைத் தடுக்கத் தனிச் சட்டமே நம்மிடம் இல்லை.

நண்பர்களே! நாளை நம்மில் சிலர் மேலாளராவோம், சிலர் வழக்கறிஞராவோம், ஒருவரேனும் சட்டமன்றம் செல்லக் கூடும். மூத்தவர் ஒருவரின் கணக்கை முடிக்கும் தாள் அன்று நம் மேசைக்கு வரும். தொகைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது எளிது. எந்த வரி விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் படித்தவன் வேண்டும்.