குங்குமம் மஞ்சளான கதை

பென்ஷன்காரர் வீடுகளில் இப்போது பிரிண்டர் சகஜமாகிவிட்டது. கறுப்பு எழுத்து வரும்வரை கவலையில்லை. நிறம் மாறினால்தான் திண்டாட்டம். என்னைப் போன்றவர்களுக்கு உதவுமே என்று எழுதுகிறேன்.

போன மாதம் என் மனைவியின் திதிக்காக அவள் படத்தைப் பிரிண்ட் எடுத்தேன். முகத்தில் பச்சை பாரித்திருந்தது. நெற்றிக் குங்குமம் மஞ்சளாக வந்தது. சுமங்கலியாகப் போனவள், அப்படி ஒரு படத்துக்கு மாலை போட மனம் வரவில்லை. "இதைத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கப்பா" என்றாள் மகள்.

குங்குமச் சிவப்புக்கென்று பிரிண்டரில் தனி மை கிடையாது. சயான் நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கே மைகள். சிவகாசி காலண்டருக்கும் இந்த நான்குதான். மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்தால் சிவப்பு. மெஜந்தா வராவிட்டால் குங்குமத்தில் மஞ்சள்தான் மிஞ்சும். நீலமும் மஞ்சளும் சேருமிடம் பச்சையாகும். ஆக, குறை மெஜந்தாவில்தான்.

டேங்கில் மை இருந்தது. மெனுவில் 'நாசில் செக்' கொடுத்தேன். மெஜந்தா கோடுகள் விட்டு விட்டு வந்தன. பல நாள் பிரிண்ட் எடுக்காவிட்டால் அந்த நுண்ணிய துளைகளில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். 'ஹெட் கிளீனிங்' இரண்டு முறை செய்தேன். ஒவ்வொரு முறையும் மை செலவாகும். அதனால் விடாமல் செய்துகொண்டே இருக்கக் கூடாது. ஒரு ராத்திரி சும்மா விட்டு, காலையில் இன்னொரு முறை செய்தேன். கோடுகள் முழுசாக வந்தன. பிறகுதான் போட்டோ பேப்பரை வைத்தேன். செட்டிங்கிலும் அதே பேப்பரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் நிறம் சரியாக வராது. திரையில் தெரியும் பளிச்சென்ற ஒளி காகிதத்தில் வராது, அதைக் குறையென்று எண்ண வேண்டாம்.

மெஜந்தா என்பது இத்தாலியில் ஓர் ஊர். 1859 ஜூன் 4 அன்று மூன்றாம் நெப்போலியனின் படை அங்கே ஆஸ்திரியரை வென்றது. அதே வருஷம் பிரான்சில் கண்டுபிடித்த ஒரு செயற்கைச் சாயத்துக்கு அந்த ஊரின் பெயர் வந்து சேர்ந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது பரீட்சைக்கு உருப்போட்ட ஒரு தேதி. அந்தப் பெயர் ராஜா அண்ணாமலைபுரத்தில் என் மனைவியின் நெற்றிவரை வரும் என்று அப்போது யார் கண்டது?

திதியன்று குங்குமம் சிவப்பாகவே இருந்தது. இப்போது ஞாயிறுதோறும் நான்கு நிறமும் வரும்படி ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துவிடுகிறேன். நீங்களும் செய்யுங்கள்.