அத்தையின் பெருமை

என் அத்தைக்கு இருபது வருஷமாக நீரிழிவு. இன்ஸுலின் ஊசிக்குப் பிறகுதான் காப்பி. சென்ற ஆண்டு, அதே ஊசிக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்கியது. "பார்த்தாயாடி, வியாதி என்னைக் கண்டு பயப்படுகிறது!" என்றாள். எனக்கும் சந்தோஷந்தான், அசடு!

ஒரு விடியற்காலை வியர்த்துக் கொட்டி, நாக் குழற, "நீ யார்?" என்று என்னையே கேட்டாள். சர்க்கரைத் தண்ணீர் குடித்துத் தெளிந்தாள்.

"வியாதி குறையவில்லை, அம்மா, சிறுநீரகம் தளர்ந்துவிட்டது" என்றார் டாக்டர். கணையம் சுரக்கும் இன்ஸுலினில் பாதியைக் கல்லீரலே பிடித்துக் கொள்ளுமாம். ஊசியில் ஏறுவதை அழிப்பதில் பெரும் பங்கு சிறுநீரகத்துக்கு. வடிகட்டி, நுண்குழாய்ச் செல்களுக்குள் இழுத்து, அமினோ அமிலங்களாக உடைத்துவிடும். வடித்ததில் நூற்றில் ஒரு பங்குகூடச் சிறுநீரில் போகாது. அந்த வேலை மந்தமானதால், நேற்றைய மருந்து விடியும்வரை உடம்பில் சுற்றியிருக்கிறது.

ஊசியின் அளவைக் குறைத்தார். அத்தை அதையும் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்கிறாள். நான் திருத்தவில்லை.