சாவி யாரிடம்?

சேவைச் சங்கங்கள் மாதந்தோறும் அச்சிட்டு அனுப்பும் செய்தி மடல்களை நான் விரும்பிப் படிப்பவன். முதல் பக்கத்தில் தலைவரின் செய்தி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை, தலைவரின் வீட்டார் உட்பட. இரண்டாம் பக்கத்தில் கண் சிகிச்சை முகாம், இரத்த தானம், பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம். மூன்றாம் பக்கத்தில்தான் ருசி. அங்கே உறுப்பினர் செய்திகள்! இன்னாருக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். இன்னார் மகனுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. இன்னாரின் தாயார் காலமானார். ஓர் ஊரின் நல்லது கெட்டதெல்லாம் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும். நாவல் எழுதுகிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

தருமபுரியிலிருந்து அப்படி ஒரு மடலை அனுப்பி வந்த நண்பர், நேரிலேயே வந்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்று அழைத்தார். ரோட்டரியா, அரிமாவா என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. சேலத்தில் பஸ் ஏறி, தொப்பூர்க் கணவாயைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தேன்.

பேச எனக்குத் தெரிந்தது ஒரு கதைதான். 1905-ஆம் ஆண்டு சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்க என்ஜினீயர், ஒரு தையற்கடைக்காரர் ஆக நால்வர் கூடி ரோட்டரியைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் உறுப்பினரின் அலுவலகத்தில் முறை வைத்துக் கூடினார்கள்; சுழன்று வந்ததால்தான் அந்தப் பெயர். ஊருக்கென்று அவர்கள் 1907-இல் கையில் எடுத்த முதல் வேலை என்ன தெரியுமா? பொதுக் கழிப்பறை! சாராயக் கடைக்காரர்களும் பெரிய ஜவுளிக் கடைக்காரர்களும் அதை எதிர்த்தார்கள். அதுவரை அவசரத்துக்கு அவர்கள் கடைக்குள்தானே ஜனங்கள் நுழைய வேண்டியிருந்தது! சபை சிரித்தது. எனக்குப் பொன்னாடை கிடைத்தது.

அதன் பிறகு நிகழ்ச்சி நிரலில் அடுத்த விஷயம், நிதி திரட்டல். கிராமம் ஒன்றில் துவக்கப் பள்ளியும் அங்கன்வாடியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. அங்கே ஆர்.ஓ. சுத்திகரிப்பு எந்திரம் வைத்துக் கொடுப்பது என்று திட்டம். நன்கொடைச் சீட்டு, ஓர் இசை நிகழ்ச்சி, மலர் ஒன்றில் விளம்பரம் என்று வழிகளை அடுக்கினார்கள்.

தருமபுரிச் சீமையில் தண்ணீர் என்பது பொல்லாத விஷயம். பூமிக்கடியில் இருப்பது பாறை. ஆழ்துளைக் கிணற்றில் ஊறுகிற நீர் அந்தப் பாறையோடு கிடந்து கிடந்து புளோரைடை வாங்கிக்கொள்கிறது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கத் தகாது என்கிறார்கள். அதற்கு நிறமில்லை, மணமில்லை. காய்ச்சினாலும் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு ஏறத்தான் செய்யும். எட்டு வயதுக்குள், நிலைப்பற்கள் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில் இதைக் குடித்த பிள்ளையின் பல்லில் காவி படிகிறது. தேய்த்தால் போகிற காவி அல்ல அது. வருஷக் கணக்கில் குடித்தால் எலும்பையும் பிடிக்கிறது. இதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தொடங்கி வைத்து, காவிரியைக் குழாய் வழியே தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கொண்டு வந்தார்கள். மகத்தான காரியம், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பள்ளிக்குக் குழாய்த் தண்ணீர் வராத நாட்களும் உண்டாம். அன்றைக்கெல்லாம் ஆழ்துளைக் கிணறுதான் கதி.

திட்டம் ஏகமனதாக நிறைவேறும் தறுவாயில், கடைசி வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். இரும்புக் கடை வைத்திருப்பவர் என்று நண்பர் காதோடு சொன்னார்.

"தம்பி, பில்டரை யாருங்க மாத்தறது?"

தலைவர் இளைஞர். "அதைப் பள்ளிக்கூடத்துல பாத்துக்குவாங்க ஐயா" என்றார்.

"அப்படித்தானே போன தடவையும் சொன்னோம்? ரெண்டு வருஷம் களிச்சு நான் போய்ப் பாத்தேன். ரூமு பூட்டிக் கெடக்குது. சாவி யாருகிட்ட இருக்குதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. நம்ம பேரு போட்ட கல்லு மட்டும் பளபளன்னு இருக்குதுங்க."

சபையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. நல்ல நாவலாசிரியன் இந்த இடத்தில் ஓர் அத்தியாயத்தை முடித்திருப்பான்.

பெரியவர் விடவில்லை. எந்திரம் நின்று போனால்கூடத் தெரிந்துவிடும். சவ்வு கிழிந்து, தண்ணீர் அப்படியே வந்துகொண்டிருந்தால் யாருக்குத் தெரியும்? சுத்தமான தண்ணீர் என்று நம்பிப் பிள்ளைகள் குடித்துக்கொண்டேயிருக்கும். வடிகட்டிய பின் மிஞ்சுகிற கழிவு நீரில் புளோரைடு இன்னும் அதிகமாயிற்றே, அதை எங்கே விடுவது? இசை நிகழ்ச்சியில் வருகிற பணத்தில் பாதிக்கு எந்திரம் வாங்கி, பாதியை பாங்கியில் போட்டு, வட்டியில் பில்டர் மாற்றலாம் என்றார்.

இங்கேதான் தகராறு. பாதிப் பணமென்றால் சின்ன எந்திரம்தான் வரும். திறப்பு விழாவுக்குப் பெரிய மனிதரை அழைப்பது எப்படி? ஒருவர் மனம் நொந்து சொன்னார்: "டெபாசிட்டுக்குக் கல்வெட்டு வைக்க முடியாதுங்களே!" அவரை நான் கேலி செய்ய மாட்டேன். நன்கொடை கொடுப்பவர் தம் பெயரைக் கல்லில் பார்க்க விரும்புவது ராஜராஜன் காலத்திலிருந்து வருகிற வழக்கம். அந்தக் கோயில் கல்வெட்டுகளில் இன்னொன்றும் உண்டு: விளக்கு வைத்தவர் பெயரோடு, அது எரிவதற்கு நெய் அளக்க இத்தனை ஆடு என்றும் எழுதியிருக்கும். விளக்கு மட்டும் கொடுத்துவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை.

இதை எழுந்து சொன்னேன். பொன்னாடை போர்த்திய பாவத்துக்குக் கேட்டுக்கொண்டார்கள். அதைவிட, போலியோ சொட்டு மருந்துக்காக வருஷக் கணக்கில் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிலையத்தில் மேசை போட்டு உட்கார்ந்தவர்கள் அந்தச் சபையில் சிலர் இருந்தார்கள். அவர்கள் தலையசைத்தார்கள் என்பதுதான் பெரிது. போலியோவை ஒழிக்க ரோட்டரி 1985-இல் இறங்கியது. இந்தியாவில் கடைசி நோயாளி 2011 ஜனவரியில். நாடு விடுபட்டது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2014 மார்ச்சில். நடுவே எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! அவற்றில் ஒன்றுக்காவது கல்வெட்டு உண்டா?

இரவு பத்து மணிக்கு ஒரு சமரசம் ஏற்பட்டது. கல்வெட்டு உண்டு, கொஞ்சம் சின்னது. மூன்றில் ஒரு பங்கு டெபாசிட். மாதம் ஓர் உறுப்பினர் முறை வைத்துப் பள்ளிக்குப் போய், தண்ணீரைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்ப வேண்டியது. இரும்புக் கடைப் பெரியவருக்குப் பாதிப் பங்கு கிடைக்காத வருத்தம் போகவில்லை. சாப்பிடாமல் கிளம்பிவிட்டார்.

போன மாத மடல் வந்தது. வழக்கம்போல் மூன்றாம் பக்கத்துக்குத் தாவினேன். ஒரு பேத்தி, ஒரு புதுமனை புகுவிழா. அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: "இம்மாதம் பள்ளிச் சாவி: பொருளாளர். சென்ற மாதத் தண்ணீர்ச் சோதனை முடிவு இன்னும் வரவில்லை."

முடிவு வந்ததா என்று கேட்டு நண்பருக்கு ஒரு கார்டு போட்டிருக்கிறேன்.