அடிக்குச்சி இல்லாத நடுவர்கள்

காளிகாட்டுக்குக் குடிவந்து பதினோரு வருஷம் ஆகிறது. இங்கே யாரைப் பார்த்தாலும் 'தாதா' என்றுதான் கூப்பிட வேண்டும். நம்ம ஊர் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு பயந்துடாதீங்க, அண்ணன் என்றுதான் பொருள். ஆனால் துர்கா பூஜை நேரத்தில் மட்டும் நிஜமாகவே எல்லோரும் பயப்படும் தாதாக்கள் சிலர் காரில் வந்து இறங்குவார்கள். கையில் ஆயுதம் எதுவும் இருக்காது, மார்க்குத் தாள் மட்டும்தான்.

எங்கள் பகுதியிலேயே பாதாம்தலா ஆஷார் சங்கம், 66 பள்ளி என்று பெயர்பெற்ற பூஜைகள் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. (பள்ளி என்றால் இங்கே பள்ளிக்கூடம் இல்லை, பேட்டை மாதிரி.) 1985-ல் ஏஷியன் பெயிண்ட்ஸ் கம்பெனி 'ஷரத் சம்மான்' என்று ஒரு விருதை ஆரம்பித்தது. அதற்குப் பிறகு பந்தல் போடுவதே ஒரு தனிக் கலையாகிவிட்டது. 2001-ல் போஸ்புக்கூர் சீதலா மந்திரில் டீ குடிக்கும் மண்கோப்பைகளை வைத்தே பந்தல் கட்டினார்கள், ஊரே போய் நின்றது. 2013-லிருந்து மாநில அரசும் 'பிஸ்வ பாங்லா' என்று தன் பங்குக்கு விருது கொடுக்கிறது. இன்று எத்தனை விருது என்று எண்ணினால் விரல் பத்தாது.

இன்னொரு பக்கம், நிஜக் கட்டடத்தை அப்படியே சிறிதாக்கிக் கட்டும் பந்தல்கள். 2007-ல் சால்ட் லேக் எஃப்.டி. பிளாக்கில் ஹாரி பாட்டரின் பள்ளிக்கூடத்தைக் கட்டப் போய் விஷயம் தில்லி உயர்நீதிமன்றம் வரை போனது. 2021-ல் ஸ்ரீபூமியில் புர்ஜ் கலீஃபா, சுமார் 145 அடி. நிஜ புர்ஜ் 828 மீட்டர். வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய பத்தொன்பதில் ஒரு பங்கு. கூட்டம் தாங்காமல் அஷ்டமியோடு பார்வையாளர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. அதற்கு முன்னால் 2015-ல், எங்களுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தேஷப்ரியா பார்க்கில் 88 அடி துர்கையை வைத்துவிட்டு, பஞ்சமியன்றே நெரிசலில் மூடினார்கள். கூட்டம் தரும் மார்க்கு ஒரு மாதிரி, தாள் வைத்திருக்கும் தாதா தரும் மார்க்கு வேறு மாதிரி. ஜனங்கள் போகும் இடமும் பரிசு போகும் இடமும் பல வருஷம் ஒன்றாக இருப்பதில்லை.

'வகுத்துப் பார்த்தால்' என்று நான் எழுதியதிலேயே என் வியாதி தெரிந்திருக்கும். எனக்கு பிளாஸ்டிக் விமானம் ஒட்டும் பழக்கம் உண்டு. 72-ல் ஒரு பங்கு அளவில், ஆறடி மனுஷன் ஓர் அங்குலம் ஆகிவிடுவான். ஒட்டுமிடத்தில் கால் மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், நிஜ விமானத்தில் அது 18 மில்லிமீட்டர் பிளவு. பைலட் விரலை நுழைக்கலாம். தங்கமணி இதையெல்லாம் கேட்டுக் கேட்டு இப்போது காதில் வாங்குவதையே விட்டுவிட்டாங்க.

மகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. ஒன்பதாவது படிக்கும்போது தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தை 144-ல் ஒரு பங்கில் செய்யப் போகிறேன் என்றாள். 216 அடி, அப்படியென்றால் சரியாக 18 அங்குலம். பதிமூன்று நிலை. அட்டை, எம்-சீல், உப்புத்தாள் என்று ஆறு வாரம் வீடு முழுக்கத் தூள். மேல் நிலைகள் எந்த விகிதத்தில் குறுகுகின்றன என்று போட்டோவை அளந்து அளந்து கணக்கு போட்டாள். (கணக்குப் பரீட்சைக்கு அவ்வளவு படித்திருந்தால், என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.)

சரஸ்வதி பூஜைக்குக் குடியிருப்புச் சங்கம் ஒன்று பிள்ளைகளுக்கு 'அளவு மாதிரிப் போட்டி' வைத்தது. நடுவர்கள் மூன்று பேர். ஒவ்வொரு மேஜை முன்னாலும் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. முதல் பரிசு ஒரு ஹவுரா பாலத்துக்கு. தெர்மகோல், நீல விளக்கு, கீழே படகு, அழகாகத்தான் இருந்தது. இவள் பரிசளிப்பு முடிந்ததும் அடிக்குச்சியோடு போய்ப் பாலத்தை அளந்துவிட்டு வந்தாள்.

"அப்பா, கோபுரம் நடு இடைவெளியில பாதி இருக்குப்பா. நிஜத்துல அஞ்சுல ஒரு பங்குகூட வராது. அளவு மாதிரின்னு நோட்டீஸ்ல போட்டாங்கதானே? ஒருத்தர்கூட அளந்து பாக்கலையே!"

ஒரு நடுவரிடம் மரியாதையாகவே போய்க் கேட்டேன். "பார்த்ததும் மனசைத் தொட்டதே மோஷாய்" என்றார். அதுவும் பொய்யில்லை, தொட்டதுதான். என் சண்டை அந்தப் பையனோடு இல்லை, மனசைத் தொடும் போட்டி என்று முன்னாலேயே சொல்லியிருந்தால் இவளும் கோபுரத்துக்குள் விளக்கு வைத்திருப்பாள். ஒன்றைச் சொல்லி அழைத்துவிட்டு இன்னொன்றுக்குப் பரிசு கொடுத்தால் பதினாலு வயசுப் பிள்ளைக்கு என்ன புரியும்? கோயில் பீரோ மேல் ஏறியது. நாலு மாசம் அவள் கத்தியையே தொடவில்லை.

அந்த நாலு மாசத்தில், மற்ற தேசத்தில் எப்படித்தான் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். பிளாஸ்டிக் மாதிரி செய்பவர்களுக்கான ஐ.பி.எம்.எஸ். என்ற சங்கம் 1963-ல் பிரிட்டனில் ஆரம்பித்தது, அடுத்த வருஷமே அமெரிக்காவில் கிளை. அமெரிக்கக் கிளையில் மூன்று நடுவர் ஒரு குழு. மாதிரியைத் தொடக் கூடாது, பேனா டார்ச் அடித்துக் குனிந்து பார்ப்பார்கள். முதலில் அடிப்படை வேலை: ஒட்டிய கோடு தெரிகிறதா, இறக்கை கோணலா, பசை வழிந்திருக்கிறதா. அதில் தேறினால்தான் மற்றதெல்லாம். தான் போட்டியிடும் பிரிவில் தானே நடுவராக இருக்க முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை. இன்னொரு வகை, டாங்கி மாதிரி செய்பவர்களின் சங்கத்தில் உண்டு. அங்கே யாரோடும் யாரையும் ஒப்பிடுவதில்லை. தரத்தை எட்டினால் தங்கம், எட்டியவர் பத்துப் பேர் என்றால் பத்துத் தங்கம். குறை என்ன என்று தாளில் எழுதியும் கொடுத்துவிடுகிறார்கள்.

முதல் வகைக்காரர்கள் இரண்டாவதைப் பார்த்து 'எல்லோருக்கும் சுண்டல்' என்று சிரிப்பார்களாம். எனக்கென்னவோ அந்தக் குறைத்தாள்தான் பதக்கத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

மறு வருஷம் சங்கத்துக்காரர்கள் என்னையே நடுவராக இருக்கச் சொன்னார்கள். (நச்சரிப்பவன் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி கிடையாது.) கூட, இஞ்சினியரிங் தொழிற்சாலையில் வரைபடம் போட்டு ரிடையரான ஒரு தாதா, ஓவியம் சொல்லித்தரும் ஒரு தீதி. பத்து மார்க்குத் தாள் ஒன்று தயாரித்தோம். நியாயம் பிறந்துவிட்டது என்று நினைத்தேன். கூட்டிப் பார்த்தால் வேறு கூத்து. ஒரு ரயில் நிலையத்துக்கு தாதா 9, தீதி 7, நான் 7, மொத்தம் 23. ஒரு மண் குடிசைக்கு தாதா 5, நாங்கள் இருவரும் 8, மொத்தம் 21. மூவரில் இரண்டு பேருக்குக் குடிசைதான் மேல், ஆனால் ஜெயித்தது ரயில் நிலையம். தாதா நாலிலிருந்து ஒன்பது வரை தாராளமாக ஏறி இறங்குகிறார், தீதிக்கு எல்லாமே ஏழும் எட்டும்தான். அப்புறம் தீதியின் தாள் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? தாதா ஒருவரே முடிவு செய்ததாக ஆகிறது. அவரிடம் துளி வஞ்சகம் கிடையாது, அதுதான் வேடிக்கை.

மார்க்கை மூட்டை கட்டிவிட்டு, ஆளுக்கொரு வரிசை எழுதி, ஒத்துப்போகாத இடத்தில் மட்டும் மாதிரி முன்னால் நின்று பேசினோம். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. டீ மூன்று முறை வந்தது. கடைசியில் குடிசைதான். காரணத்தை ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வரி எழுதிக் கொடுத்தோம்.

அப்பா கையா, பிள்ளை கையா என்ற கேள்விக்குத் தாளே வேண்டாம். "இதை எப்படிம்மா ஒட்டினே?" என்று கேட்டால் போதும். தானே செய்த பிள்ளை எங்கே சொதப்பியது என்பதிலிருந்துதான் ஆரம்பிக்கும். பெரிய பந்தல்களில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. மேதினிப்பூரிலிருந்து வந்து மூங்கில் கட்டியவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள், கோப்பை கிளப்பின் கண்ணாடி அலமாரிக்குப் போகும்.

இரண்டு வரிக் காரணத்தைப் பார்த்துச் சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. ஒரு அப்பா முக்கால் மணி நேரம் என்னை நிற்கவைத்து வாதம் செய்தார். செய்யட்டுமே, சண்டை போட இப்போது அவர் கையில் ஏதோ இருக்கிறது. எனக்குப் போன வருஷம் அதுவும் இல்லை.

மகள் அந்த இரண்டாவது போட்டிக்கு எதுவும் கொடுக்கவில்லை, நான் நடுவர் என்பதால் கொடுக்கவும் முடியாது. ஆனால் அந்த வாரமே பீரோ மேலிருந்து கோயிலை இறக்கினாள். "எனக்கு ரெண்டு வரி எழுதிக் குடுப்பா" என்றாள். ஏழாவது நிலை இடப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது, சிகரத்தில் பெயிண்ட் திட்டு என்று எழுதினேன். முறைத்தாள். அப்புறம் உப்புத்தாள் எங்கே என்று கேட்டாள்.

இந்த வருஷம் புதுத் தலைவலி. முப்பரிமாண அச்சு மெஷினில் சக்கரம், ஜன்னல் எல்லாம் அடித்துக் கொண்டுவந்தால் அது யார் வேலை? கம்ப்யூட்டரில் தானே வரைந்திருந்தால் சரி என்கிறார் தாதா, தீதி கூடவே கூடாது என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். தங்கமணி, போனால் அப்படியே மார்க்கெட்டில் காய்கறி வாங்கிவரச் சொல்லியிருக்காங்க.