தந்தையார் கண்ட மதுரை

"ஒரு நாள் மதுரையைப் பார்த்துவிட்டு வரவேண்டும்" என்று நம் தந்தையார் சொன்னபோது நமக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டோம். அடக்கியது மரியாதையினால். ஆனால் அது வந்ததற்கு என்ன சமாதானம் சொல்வது என்று இன்றுவரை நமக்குத் தெரியவில்லை.

தந்தையாருக்குப் பார்வை போய் ஆறு வருஷம் ஆகிறது. கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பைத் தின்றுவிடும் வியாதி. வலி கிடையாது, சிவப்பும் கிடையாது. ஓரங்களில் தொடங்கி உள்நோக்கி இருட்டிக்கொண்டு வரும். போன பார்வையை மீட்க இன்றைய வைத்தியத்திலும் வழியில்லை. மிஞ்சியதைக் காக்கத்தான் மருந்து உண்டு. நாம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனபோது காப்பதற்கு மிஞ்சியிருந்தது மிகக் கொஞ்சம். (வீட்டில் பெரியவர்களுக்கு இந்த வியாதி இருந்தால், நாற்பது வயதைத் தாண்டிய நேயர்கள் கண்ணைச் சோதித்துக்கொள்வது நலம். நாம் வருஷந்தோறும் சோதித்துக்கொள்கிறோம்.)

அன்று முதல் அவர் சோழவந்தானுக்குப் பக்கத்தில் உள்ள நம் கிராமத்தைவிட்டு வெளியே போனதில்லை. கண் தெரியாதவருக்குப் பட்டணத்தில் என்ன வேலை என்று நாம் தீர்மானித்தோம். அவரைக் கேட்டுத் தீர்மானித்தோமா என்றால், இல்லை.

அவர் ஆயுள் முழுவதும் கொடிக்காலில் வேலை செய்தவர். சோழவந்தான் வெற்றிலையைப் பற்றி நேயர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அகத்தி மரங்களில் கொடியைப் படரவிட்டு, அந்த நிழலிலும் ஈரத்திலும் வளர்க்கிற பயிர் அது. இப்போதும் வீட்டுத் திண்ணையில் ஒரு கூடை வெற்றிலையைக் கொண்டுவந்து வைத்தால், விரலால் தடவியே முற்றல், இளசு, கிழிசல் என்று பிரித்துக் கவுளி அடுக்கிவிடுவார். இதை நாம் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பார்த்ததிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை.

வைகாசி மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் ஒரு நாள் புறப்பட்டோம். பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். கொடிக்கால்களின் குளிர்ச்சி முகத்தில் படும்வரையில் பேசவில்லை. அது விட்டதும், "நம்ம பூமி முடிஞ்சது" என்றார். லாரிகளின் இரைச்சல் கேட்டபோது, "சமயநல்லூர். பெரிய ரோடு வந்தாச்சு" என்றார். வைகையைக் கடந்ததை நாம் சொல்வதற்கு முன் அவரே கண்டுகொண்டார். அவருடைய இளமையில் அங்கே ஈர மணலின் மணம் வருமாம். இப்போது வந்தது சாக்கடை நாற்றம். மேல் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை.

பெரியார் நிலையத்தில் இறங்கியதும் அவர் கையைப் பிடித்தோம். மெதுவாக அதை விடுவித்துக்கொண்டு நம் தோளில் தம் கையை வைத்தார். "நீ முன்னால நட தம்பி. வழியை நான் சொல்றேன்" என்றார்.

மதுரையின் தெரு அமைப்பு சதுரத்துக்குள் சதுரமானது. நடுவே மீனாட்சியம்மன் கோயில். அதன் மதிலுக்குள் ஆடி வீதி. வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று ஒன்றையொன்று சுற்றிக் கிடக்கின்றன. இதை நாம் எத்தனையோ முறை கரும்பலகையில் கட்டம் போட்டுக் காட்டியிருக்கிறோம். தந்தையாரிடம் கட்டம் இல்லை. மேல வெளி வீதியில் பஸ்களின் புகை. டவுன்ஹால் ரோட்டில் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை. ஆவணி மூல வீதியை நெருங்குகையில் பாத்திரக் கடைகளின் கணகணப்பு. சித்திரை வீதியில் மோட்டார் வண்டிகளின் சத்தம் நின்று, காலின் கீழ் பாவிய கல் வந்துவிடும். கல் வந்தால் கோயில் வந்தது என்று அர்த்தம். இப்படி அவர் கணக்கு வைத்திருந்தார். வண்டிகளுக்கு அங்கே தடை போட்டதும் கல் பாவியதும் பிற்காலத்தவை. பார்வை இருந்த கடைசி வருஷங்களிலேயே அவற்றையும் கால் குறித்துக்கொண்டுவிட்டது போலும்!

காரைக்குடி நண்பர் ஒருவர் சைகோன் நகரத்துக்குப் போய் வந்தவர். 1976 முதல் அதற்கு ஹோ சி மின் நகரம் என்று பெயர். அங்கே தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. மீன் குழம்பும் பெட்ரோல் புகையும் கலந்து வீசுகிற தெருக்களில் அவர் வழிதவறி அலைந்தாராம். பாஷை தெரியாது. ஊதுபத்தி வாசனை ஒன்று வர, அதைப் பிடித்துக்கொண்டே நடந்து மாரியம்மன் வாசலுக்கு வந்துவிட்டாராம். அவர் இதைச் சொன்னபோது, நண்பர் சற்று அளக்கிறார் என்று நினைத்தோம். டவுன்ஹால் ரோட்டில் தந்தையாருக்குப் பின்னால் நடந்தவர்களைப் போல் (முன்னால் நடந்தது நாம்தான் என்றாலும்) போய்க்கொண்டிருந்தபோது, மனசுக்குள் அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

மேல மாசி வீதியில் ஒரு வீட்டுக்குத் தந்தையாரை அழைத்துப் போனோம். 1921ஆம் வருஷம் செப்டம்பர் 22ஆம் தேதி காந்தியடிகள் குல்லாவையும் சட்டையையும் துறந்து, ஏழைக் குடியானவனைப் போல் அரைத்துணி தரித்தது அந்த வீட்டில்தான். கீழே கதர்க் கடை இருக்கிறது. நாம் வாத்தியார் அல்லவா? தேதி, காரணம் எல்லாம் விஸ்தாரமாகச் சொல்லத் தொடங்கினோம். அவர் பாதி கேட்டார். மீதி நேரம் அவர் விரல்கள் துணியில் இருந்தன. ஒரு வேஷ்டியை எடுத்து, இரு விரல்களுக்கிடையில் உருட்டி, "இழை ஒரே சீரா இல்லை. ஓரிடத்துல தடிப்பு, ஓரிடத்துல மெலிவு. இது கையால நூற்றது" என்றார். கடைக்காரர், "பெரியவர் நெசவாளியா?" என்று கேட்டார். "இல்லைங்க. வெற்றிலை" என்றார் தந்தையார், அதற்குமேல் விளக்கம் தேவையில்லை என்பது போல.

அங்கிருந்து கோயிலை நோக்கி நடந்து, தெற்குச் சித்திரை வீதி வழியாகக் கிழக்கே திரும்பினோம். இவ்வளவு தூரமும் ஒரு பிசகு இல்லாமல் வந்தவர், கீழச் சித்திரை வீதியில் திடீரென்று நின்றுவிட்டார். தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். நம் தோளில் இருந்த கை இறுகியது.

"எங்கே நிக்கிறோம்?"

"கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே அப்பா. புது மண்டபம்."

"இல்லை. தையல் மிஷின் சத்தம் எங்கே?"

நமக்கு அப்போதுதான் விளங்கியது. 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய அந்த மண்டபம் நெடுங்காலம் கடைவீதியாக இருந்தது. சிற்பத் தூண்களுக்கிடையே தையற்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். வளையல், பித்தளைப் பாத்திரம், பள்ளிப் புஸ்தகம், விளையாட்டுச் சாமான் எல்லாம் கிடைக்கும். புதுத் துணியின் கஞ்சி வாசனை, மிஷின் எண்ணெயின் வாசனை, எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கடகடப்பு. கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. சத்திரம் பக்கத்தில்தான்; ஆனால் சத்தம் இங்கே இல்லை.

கடைகளைக் காலி செய்தது சரியென்றே நாம் எண்ணிவந்தோம். இப்பொழுதும் அப்படியே எண்ணுகிறோம். 2018ஆம் வருஷம் பிப்ரவரி 2ஆம் தேதி இரவு கோயிலுக்குள் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததையும், கல் வெடித்துச் சிதறியதையும் நினைத்தால், சிற்பக் கூடத்தில் கடை வைப்பது தகாது என்பதில் சந்தேகம் இல்லை. அதையே தந்தையாரிடமும் சொன்னோம்.

"நல்ல காரியம்தான்" என்றார். சற்று நேரம் சும்மா இருந்தார். பிறகு, "ஆனா எங்கய்யா நின்ன இடத்தை நான் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?" என்றார்.

பாட்டனார் அங்கே நின்றது நமக்குத் தெரியாத சமாசாரம். மண்டபத்து ஓரத்தில் அவரை உட்காரவைத்துக் கேட்டோம். பாட்டனார் தலையில் வெற்றிலைக் கூடையோடு மதுரைக்கு வருவாராம். கூடை காலியானதும் ஊருக்குத் திரும்புமுன் கோபுரத்துக்கு எதிரே, மண்டபத்தின் ஓரமாக நிற்பாராம். அதற்கு அப்பால் நம்மவர்கள் போகக்கூடாது. உள்ளேயிருந்து மணியோசை வரும், மேளம் வரும், காற்று இந்தப் பக்கம் திரும்பினால் எண்ணெயும் பூவும் சாம்பிராணியும் கலந்த வாசனை வரும். எந்த மேளத்துக்கு எந்தப் பூஜை என்பது அவருக்குத் தெரியுமாம். கண் இருந்தது. பார்க்கத்தான் விடவில்லை.

1939ஆம் வருஷம் ஜூலை 8ஆம் தேதி அ. வைத்தியநாதய்யர், கக்கன் முதலிய ஹரிஜன அன்பர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் பிரவேசித்தார். முன்பு மதுரைக்கு வந்தபோது உள்ளே போக மறுத்த காந்தியடிகள், 1946ல் அந்தக் கோயிலுக்குள் சென்று வழிபட்டார். இந்த இரண்டு வருஷங்களையும் நாம் பையன்களுக்கு மனப்பாடம் செய்வித்திருக்கிறோம். பரீட்சையில் கேட்டும் இருக்கிறோம். நம் பாட்டனார் எந்த இடத்தில் நின்றார் என்று நாம் யாரையும் கேட்டதில்லை.

"கதவு திறந்த பிறகு ஒரு மாசம் கழிச்சு எங்கய்யா உள்ளே போனாராம்" என்றார் தந்தையார். "சாமியை அப்புறம் பார்க்கலாம்னு, முதல்ல அந்த மணி எங்கே தொங்குதுன்னு தேடினாராம். அத்தனை வருஷமாக் கேட்ட மணியாச்சே!"

கைபேசியையும் செருப்பையும் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனோம். கைபேசிக்கு அங்கே 2018 முதல் அனுமதி இல்லை. காதுக்கு அது பெரிய உபகாரம். அஷ்டசக்தி மண்டபத்துப் படியைத் தந்தையார் குனிந்து தொட்டார். உள்ளே கல் தரை எண்ணெய்ப் பிசுக்கோடு குளிர்ந்திருந்தது. பொற்றாமரைக் குளத்தின் பக்கம் காற்று மாறியதும் இடதுபுறம் முகத்தைத் திருப்பினார். அம்மன் சந்நிதியில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. தாழம்பூக் குங்குமத்தை உள்ளங்கையில் வாங்கி, நெற்றியில் இடுவதற்கு முன் வெகு நேரம் முகர்ந்துகொண்டிருந்தார். மணி அடித்தது. அவர் நம் தோளைத் தட்டி, விரலால் ஒரு திசையைக் காட்டினார். நாம் அந்தத் திசையில் பார்த்தோம். மணி அங்கேதான் இருந்தது.

வெளியே வந்தபோது விளக்கேற்றிவிட்டார்கள். மதுரைக்காஞ்சியின் 782 அடிகளில் மாங்குடி மருதனார் நாளங்காடியையும் அல்லங்காடியையும் வர்ணித்திருப்பதைச் சரித்திரப் பாடத்துக்கு ஆதாரமாக நாம் பல முறை எடுத்துக்காட்டியிருக்கிறோம். அந்த வர்ணனையில் எவ்வளவு பங்கு காதால் கேட்டது என்பதை அன்றுதான் கவனித்தோம். பகலின் இரைச்சல் அடங்கி இரவின் இரைச்சல் தொடங்குகிற நாழிகை ஒன்று மதுரையில் உண்டு. துணிக்கடைகளின் கூச்சல் தேய்கிறது. இரும்புக் கல்லில் கொத்துப் பரோட்டாவை இரண்டு கையாலும் வெட்டுகிற தாளம் எழும்புகிறது. "இவன் நல்லா வாசிக்கிறான்" என்று ஒரு கடைவாசலில் தந்தையார் நின்று கேட்டார். உள்ளே போய்ச் சாப்பிடச் சம்மதிக்கவில்லை.

விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தோம். பால், நன்னாரி, பாதாம் பிசின், ஐஸ்கிரீம் எல்லாம் சேர்ந்த அந்தக் குளிர்பானம் அவருக்குப் பிடிக்கவில்லை. "நான் முழுங்கினேனா, அதுவாப் போயிருச்சா தெரியலையே" என்றார். தள்ளுவண்டியில் பருத்திப்பால் கிடைத்தது. கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் போட்டுக் காய்ச்சியது. அதை இரண்டு தம்ளர் குடித்தார்.

புறப்படுமுன் மல்லிகை வாங்கவேண்டும் என்றார். மதுரை மல்லிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் நாற்று இராமேசுவரம் பக்கத்துத் தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது. திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் வளர்ந்து இந்தக் கெட்டி இதழும் மணமும் பெறுகிறது. விடியுமுன் மொட்டாகப் பறித்தால்தான் மாலையில் மலரும். இதையெல்லாம் நாம் சொல்லிக்கொண்டிருக்கையில், தந்தையார் பூக்கார அம்மாளிடம் சண்டைக்குப் போய்விட்டார். அந்த அம்மாள் தன் கையால் நாலு முழம் அளந்து கொடுத்தாள். இவர் சரத்தை விரலால் தடவி, தம் முழங்கையிலிருந்து அளந்து பார்த்து, "மூணே முக்கால்தான் இருக்கு தாயி" என்றார்.

"என் கை சின்னக் கை, பெரியவரே. உங்க கைக்கு நான் எங்கே போக?"

"சின்னக் கைக்குச் சின்ன விலை சொல்லு."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் அரை முழம் கூடக் கிடைத்தது. பூ நம் தாயாருக்கு. அதை வாழையிலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பஸ் ஆற்றைத் தாண்டிச் சமயநல்லூரை நெருங்குகையில் மடியில் மொட்டுகள் அவிழத் தொடங்கிவிட்டன. முன் பெஞ்சியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்துத் திரும்பிப் பார்த்தது. தந்தையார் தூங்குகிறார் என்று நினைத்தோம். அவர் கண்ணைத் திறக்காமலே, "குன்னத்தூர் சத்திரம்னு சொன்னியே, அங்கே மிஷினெல்லாம் ஓடுதா? பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள்ள இன்னொரு நாள் லீவு உண்டா தம்பி?" என்று கேட்டார்.