மாம்பழ மதுவும் அம்மாவின் பட்டாவும்

பர்கூர் என்றதும் நண்பர்கள் சிலர் மாட்டைப் பற்றி விசாரிக்கிறார்கள். அந்த மாடு ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலைக்கு உரியது. வேறு சிலர் 1996 சட்டமன்றத் தேர்தலை நினைவுகூர்கிறார்கள். அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தோற்ற தொகுதி எங்களுடையதுதான் என்றாலும், அதில் எங்கள் பங்கு பெருமைப்படவோ வருந்தவோ போதுமானதன்று. அப்போது எங்களுக்கு வாக்குரிமை இல்லை. எங்கள் பர்கூர் கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே நெடுஞ்சாலையை ஒட்டி, வரிசையாக ஜவுளிக் கடைகளும், சிப்காட் வளாகமும், கிரானைட் பட்டறைகளும், இவற்றுக்கிடையே எஞ்சியிருக்கும் மாந்தோப்புகளுமாகக் கிடக்கிற ஊர்.

'நாங்கள்' என்பது அண்ணன், தம்பி இருவர். மூத்தவன் ஆலையில் ஷிப்டு வேலை பார்க்கிறான். இளையவன் தோப்பைப் பார்க்கிறான். இக்கட்டுரையில் எந்த வாக்கியம் யாருடையது என்று சொல்லப்போவதில்லை. கீழே வரும் காரியத்தின் பொறுப்பையும் அவ்வாறே பங்கிட்டுக்கொண்டோம்.

2025 ஜூனில் மாங்காய் விலை விழுந்தது. எங்கள் பக்கத்துத் தோப்புகளில் பெரும்பகுதி பெங்களூரா. தோத்தாபுரி, கிளிமூக்கு என்றெல்லாம் பிற ஊர்களில் வழங்கும் அதே காய்தான். மல்கோவாவையோ இமாம்பசந்தையோ போல யாரும் ஆசைப்பட்டு வாங்கி உண்ணும் பழமன்று அது. கூழ் ஆலைகளை நம்பி நட்டது. ஆலை வாங்காவிட்டால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை. அவ்வாண்டு காய்ப்பு மிகுதி. ஆலைகளிலோ முந்தைய ஆண்டுக் கூழே தேங்கிக் கிடக்கிறது என்றார்கள். போதாக்குறைக்கு ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம், பிற மாநிலத்துப் பெங்களூரா உள்ளே வரக்கூடாதென்று அம்மாதத்தில் தடை போட்டது. கர்நாடக முதல்வர் சித்தராமையா ஆந்திர முதல்வருக்குக் கடிதம் எழுதுமளவுக்கு அது பெரிதாயிற்று. மண்டியில் எங்களுக்குச் சொன்ன விலை கிலோ நான்கு ரூபாய். பறிகூலியும் வண்டி வாடகையும் கழித்தால் மிச்சம் நிற்பது நாங்கள்தான்.

ஓர் ஆலையின் வாசலில் இரண்டு இரவுகள் வரிசையில் நின்ற எங்கள் டிராக்டர் மூன்றாம் நாள் சுமையோடு திரும்பி வந்தது. காயைப் புளியமரத்தடியில் கொட்டினோம். நான்கைந்து நாளில் அது பழுத்தது, பின் உடைந்தது, பின் மணக்கத் தொடங்கியது. மாம்பழ மணம் என்று எண்ணிவிடவேண்டாம். ரொட்டிக் கடையும் கள்ளுப் பானையும் கலந்ததுபோன்ற ஒரு புளித்த இனிப்பு. அருகில் போனால் குவியலின் அடியில் நுரை தெரிந்தது. யாரும் எதுவும் சேர்க்கவில்லை. தோலின்மேல் இயல்பாகவே ஒட்டியிருந்த ஈஸ்ட், உடைந்த பழத்தின் சர்க்கரையைத் தின்னத் தொடங்கிவிட்டது. அதாவது, எங்கள் தோப்பில் மது தயாரிப்பு எங்களைக் கேட்காமலேயே ஆரம்பமாகிவிட்டிருந்தது.

யோசனை அங்கே பிறந்தது. அதற்குத் துணையாக இலக்கியத்தையும் இழுத்துக்கொண்டோம். வாசிக்கிறவர்கள் தவறு செய்யப் புறப்படும்போது மேற்கோளுக்கா பஞ்சம்? பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் களியைத் துழாவி ஆறவைத்து, முளையை அரைத்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவைக்கும் முறை ஏறத்தாழ ஒரு சமையல் குறிப்பாகவே இருக்கிறது. எங்களுக்கு அண்டை நிலமான தகடூரின் அதியமானை நினைத்து ஔவை அழும் புறப்பாட்டிலும் முதலில் வருவது அவன் பகிர்ந்தளித்த கள்தான். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார் என்பதை மறக்கவில்லை. அந்தப் பக்கத்தை அப்போது புரட்டவில்லை, அவ்வளவுதான்.

முதல் முயற்சி வெறும் அவசரம். பத்துக் கிலோ பழத்தைத் தோலோடு பிசைந்து, பேக்கரிக்காரரிடம் கேட்டு வாங்கிய ஈஸ்ட்டை ஒரு கை அள்ளிப் போட்டு, அம்மா ஆவக்காய் போடும் பெரிய பீங்கான் ஜாடியில் கழுத்துவரை நிரப்பி இறுக மூடினோம். மறுநாள் மதியம் மூடி ஒரு பக்கம், நார் ஒரு பக்கம், கூழ் சுவரில். மிஞ்சியதில் அழுகிய முட்டை நாற்றம். வெயிலில் தவித்து, போதிய ஊட்டமும் கிடைக்காத ஈஸ்ட் விடும் கந்தக நெடி அது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டோம். நொதிக்கும்போது வெளிப்படும் கரியமில வாயுவுக்கு வழி விடாமல் மூடக்கூடாது என்ற ஆரம்பப் பாடத்தைப் படித்துத் தெரிந்துகொள்ளும் தேவை ஏற்படவில்லை.

இரண்டாம் முறை முறையாகச் செய்தோம். தோலையும் கொட்டையையும் நீக்கினால் ஐந்து லிட்டர் கூழ் தேறியது. அதனுடன் சமஅளவு கொதித்தாறிய நீரும் ஒன்றரைக் கிலோ சர்க்கரையும். கணக்கு எளியது: ஒரு லிட்டரில் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் வரும். பழத்தின் சர்க்கரையையும் சேர்த்துப் பார்த்தால் எங்கள் கலவை பன்னிரண்டு சதவீதத்தை எட்டவேண்டும். மது தயாரிப்புக்கென்றே விற்கும் ஈஸ்ட்டை இணையம்வழி வரவழைத்தோம். பாத்திரம், இருபது லிட்டர் குடிநீர் கேன். மூடியில் துளையிட்டு ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையை ஒரு நீர்ப் புட்டியில் அமிழ்த்தினோம். உள்ளிருந்து வாயு வெளியேறும், வெளிக்காற்று உள்ளே புகாது.

வெயிலைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. ஈஸ்ட்டுக்கு இருபது முதல் இருபத்தைந்து டிகிரி இதம். எங்கள் ஓட்டுவீட்டுப் பின்கட்டில் பகல் முப்பத்தைந்துக்குக் குறையவில்லை. கேனை அகன்ற அலுமினிய அண்டாவில் தண்ணீருக்குள் நிறுத்தி, ஈரக் கோணிச்சாக்கைச் சுற்றி, ஷிப்டு முடிந்து வருகிறவன் ஒருமுறையும் தோப்பிலிருந்து வருகிறவன் ஒருமுறையும் நனைத்தோம். அதற்குக் கை மேல் பலன். நான்கு விநாடிக்கொரு குமிழ் நிதானமாக வந்தது. இரவில் வீடு அடங்கியபின் பொளக், பொளக் என்று அது கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்த ஓசையை அம்மாவும் கேட்டார்.

"என்னாடா அது, உள்ள உக்காந்து மூச்சு விடுது?" என்றார் ஆறாம் நாள். மாம்பழ ரசம் என்றோம். அவர் கேனின் அருகே குனிந்து ஒருமுறை முகர்ந்தார். பிறகு எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு இரவு எங்களுக்குச் சோறு போட்டுவிட்டு, தான் சாப்பிடாமல் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் மாமாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அம்மாவுக்கு ஒரே தம்பி. ஓசூரில் லாரிகளுக்குச் சுமை ஏற்றும் வேலையில் இருந்தார். எல்லையைத் தாண்டினால் அத்திப்பள்ளி; அன்றைக்குக் கர்நாடகத்தில் சாராயம் சட்டப்படியே பாக்கெட்டில் விற்ற காலம். 2007 ஜூலையில்தான் அந்த அரசு அதைத் தடை செய்தது. மாமா அதுவரை இருக்கவில்லை. 2004இல், முப்பத்தெட்டு வயதில், மஞ்சள் பூத்த கண்களோடு எங்கள் வீட்டுப் பின்கட்டில்தான் இறந்தார். நாங்கள் கேனை வைத்த அதே பின்கட்டு. அதை நாங்கள் எப்படி மறந்தோம் என்பதற்கு இன்றுவரை எங்களிடம் பதில் இல்லை.

மறுநாள் அம்மாவிடம் விளக்க முயன்றோம். படித்தவர்கள் விளக்கும் விதத்தில்தான். இது வேறு, அது வேறு என்றோம். பழத்தின் பெக்டினிலிருந்து சிறிதளவு மெத்தனால் இதிலும் உண்டாகும், ஆனால் காய்ச்சி வடிக்காதவரை அது செறிந்து நஞ்சாவதில்லை. 2008 மே மாதம் பெங்களூரிலிருந்து நம் மாவட்டம்வரை நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதும் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் என்றோம். எல்லாம் உண்மையே. அம்மா முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போலீஸ் வந்தா யாரு பேரச் சொல்லுவீங்க? பட்டா எம்பேர்லதான கீது?"

அதன் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தோம். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937. அதன் கண்ணில் வைனும் பீரும் கள்ளும் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் மதுவே; உரிமமின்றித் தயாரிப்பது குற்றம். விற்கவில்லை, வீட்டுக்குத்தான் என்ற சமாதானம் செல்லாது. கள்ளக்குறிச்சிக்குப் பின் 2024இல் தண்டனைகள் மேலும் கடுமையாக்கப்பட்டன.

எங்களை நிறுத்தியது வேறொரு விவரம். அச்சட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது 1937 அக்டோபர் 1 அன்று, சேலம் மாவட்டத்தில். அன்றைய சேலம் மாவட்டம் என்றால் கிருஷ்ணகிரியும் ஓசூரும் அதற்குள் அடக்கம். கொண்டுவந்த முதல்வர் ராஜாஜி பிறந்தது ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில். அவ்வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. சென்னை மாகாணம் முழுவதற்குமான சோதனைக்குத் தன் சொந்த மண்ணையே அவர் தேர்ந்தெடுத்தார். அதற்கும் முன்பே திருச்செங்கோட்டு காந்தி ஆசிரமத்திலிருந்து மதுவிலக்குக்கென்றே 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தியவர். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி. கலால் வருவாய் போன இடத்தை நிரப்ப 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 'பொன்னியின் செல்வ'னைப் பதின்வயதில் இரவிரவாகப் படித்த எங்களுக்கு, அந்தக் கை முன்பு குடியின் கேடுகளை எழுதிப் பழகிய கை என்பது அன்றுதான் உறைத்தது.

இன்று அதே சட்டத்தின் நிழலில் டாஸ்மாக் இருக்கிறது. 1983இல் தொடங்கி, 2003இலிருந்து சில்லறை விற்பனையையும் தானே நடத்துகிற அரசு நிறுவனம். எங்கள் டிராக்டர் ஆலை வாசலில் நின்ற இரண்டு இரவுகளிலும் அக்கம்பக்கத்தில் தடையின்றிக் கிடைத்த ஒரே பொருள் அதன் சரக்குதான். வடித்தெடுத்த சாராயத்தை அரசே விற்கலாம், குவியலில் நுரைக்கும் பழத்தை விவசாயி ஜாடியில் இடக்கூடாது என்பதில் எங்களுக்கு இப்போதும் உடன்பாடில்லை. கர்நாடகம் 2007இல் திராட்சை மதுவுக்கென்று தனிக் கொள்கை வகுத்தது. கேரளம் 2022இல் பழங்களிலிருந்து சிறு அளவில் மது தயாரிக்க உரிமம் வழங்கும் விதிகளை வெளியிட்டது. திருப்பதி வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாம்பழ மதுவைப் பற்றி 2005இலேயே ஆய்வுக்கட்டுரை எழுதிவிட்டார்கள். நிலத்துக்கு விலை இருக்கிறது, பழத்துக்கு இல்லை என்ற நிலையில் எங்கள் பக்கத்துத் தோப்புகள் ஒவ்வொன்றாக மனையாகின்றன. இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லலாம்தான். பின்கட்டில் வைத்துச் சொல்ல முடியாது.

கேனைக் கவிழ்த்துவிடலாம் என்றான் ஒருவன். மற்றவன் அண்டாவைப் பார்த்துக்கொண்டே நின்றான். கொட்டுவதற்கு அவ்வாண்டு எங்களிடம் ஏற்கெனவே நிறைய இருந்தது. மதுவைப் பொறுத்தவரை எந்தக் காற்றை உள்ளே விடாமல் இத்தனை நாள் காத்தோமோ, அதே காற்றை விட்டால் அது தானாகவே வேறொன்றாகிவிடும் என்று படித்திருந்தோம். புளிக்கவைக்கும் பாக்டீரியா ஆல்கஹாலைத் தின்று அமிலமாக்கும். மதுவாக்க முயல்கிறவர்களுக்கு அது கெட்டுப்போதல். எங்களுக்கு அது ஒரு வாசல்.

அதற்கு முன் ஆளுக்கு ஒரு மடக்கு குடித்தோம். மறைப்பதற்கில்லை. மெல்லிய மஞ்சள் நிறம், இனிப்பு அறவே இல்லை, பெங்களூராவின் காய்ப்புளிப்பு மட்டும் நாக்கின் ஓரங்களில். நன்றாக இருந்தது என்று சொல்வது மிகை. எங்கள் தோப்பின் பழம் அப்படியொரு சுவையையும் தனக்குள் வைத்திருந்தது என்பது அறியத்தக்கதாக இருந்தது.

பிறகு தெளிவை இறுத்து, மீண்டும் சமஅளவு கொதித்தாறிய நீர் கலந்தோம். ஆல்கஹால் கூடுதலாக இருந்தால் அந்தப் பாக்டீரியாவும் திணறும். வாயகன்ற இரு ஜாடிகளில் ஊற்றி, மல்துணியால் வேடு கட்டி, நிழலில் வைத்தோம். முதல் இரு வாரங்கள் நகப்பூச்சு நெடி. பின் மேலே வெள்ளையாக ஓர் ஏடு படிந்து தடித்தது. இம்முறை குமிழ் இல்லை, ஓசை இல்லை. அம்மா அந்தப் பக்கம் போய்வரத் தொடங்கினார். ஒருநாள் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு, ஏடு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று எங்களுக்கே தகவல் சொன்னார். ஆகஸ்ட் கடைசியில் மூக்கைச் சுளிக்கவைக்கும் சுத்தமான புளிப்பு வந்துவிட்டது.

வினிகர் என்று சொன்னால் அது ஏதோ ஓட்டல் சாமான் என்றார். அகராதியில் அதற்குக் காடி என்று பெயர் இருப்பதைச் சொன்னோம். புளித்த கஞ்சியையும் காடி என்பார்கள் என்றதும் அவர் முகம் தெளிந்தது. ஞாயிற்றுக்கிழமை வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து, உப்பிட்டு, இரண்டு கரண்டி விட்டுப் பிசறி, எங்களுக்கு முன் தான் ஒரு வாய் போட்டுப் பார்த்தார். மிச்சத்தை வடிகட்டிப் புட்டிகளில் ஊற்றச் சொன்னார். எட்டுப் புட்டி வந்தது. ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டி, காடி என்று எழுதச் சொன்னார்.

எழுதினோம். கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தார்.

"இன்னும் பெரிசா எழுது. வர்றவனுக்கு வாசல்லயே தெரியணும்."